பிடி அரிசி ஊரின் பங்குனிப் பொங்கல்

விருதுநகர்க்காரர்கள் எந்த ஊரில் பிழைத்தாலும், மாசி பிறந்ததும் வீட்டுக்குப் போன் போட்டு முதலில் கேட்பது, "பொங்கல் என்னைக்குச் சாட்டுறாங்க?" என்பதைத்தான். தைப்பொங்கல் எங்களுக்கும் உண்டு. ஆனால் ஊரில் வெறுமனே பொங்கல் என்றால், அது பங்குனியில் பராசக்தி மாரியம்மனுக்கு வைக்கிற பொங்கல். தீபாவளிக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லையா, போகட்டும், பொங்கலுக்கு வந்துகொள்ளலாம் என்பார்கள். பொங்கலுக்கு வராமல் இருந்துவிட்டால்தான் வீட்டில் பேச்சு வாங்க வேண்டிவரும்.

ஊரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இது கரிசல் பூமி. பெயருக்கு கௌசிகா என்று ஒரு ஆறு உண்டு. அதில் நல்ல தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. மழையை நம்பிய மானாவாரி விவசாயம், அதற்கு மேலே வியாபாரம். மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய். நாளிதழ்களில் "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்" என்று வருமே, அந்த விருதுநகர்தான். விளையாத ஊர் விலை சொல்கிறது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், பங்குனி வெயில் தார் ரோட்டை இளக்குகிற நேரத்தில், ஊர் முழுவதும் ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றி, மோர் ஊற்றி, சோறு போட்டுக்கொள்கிற விழா இது. அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் சாப்பாட்டை மட்டும் தனியாகப் பிரித்து எழுத முடியவில்லை.

பொங்கல் சாட்டிய அன்றே, அதாவது கோயிலில் விழாவை அறிவித்த அன்றே, அடுப்படியின் போக்கு மாறிவிடும். எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் வாசலுக்குள் வராது. பாட்டி இருந்தவரை அந்த நாட்களில் கடுகு வெடிக்கத் தாளிக்கக்கூட விடமாட்டார். அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு மணமே கூடாது என்ற பழைய வழக்கத்தை அவர் அம்மனின் திருவிழாவுக்கும் நீட்டித்துக்கொண்டார். பருப்பைக் கடைந்து, நல்லெண்ணெயும் சீரகமும் விட்டு, அதோடு ஒரு கீரை. அந்த வாரத்துச் சாப்பாடு பத்தியச் சாப்பாடுதான். ஆனால் வெயில் ஏறுகிற காலத்தில் காரத்தையும் எண்ணெயையும் குறைத்துச் சாப்பிட்டால் உடம்புக்கு இருக்கும் சுகம் அந்த வாரத்தில்தான் தெரியும். அக்கினிச்சட்டி நேர்ந்தவர்கள் விரதமிருந்து ஒருவேளை சாப்பாட்டோடு நிற்பார்கள். அவர்களுக்காகவே வீட்டில் எல்லோரும் அடக்கிச் சாப்பிடுவதும் உண்டு. விரதக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாய்க்கு ருசியாகத் தின்பது சரியில்லை என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

காலையில் கம்பங்கூழ். இதற்கு முந்தைய நாளே வேலை தொடங்கிவிடும். கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டு இடித்து, தவிட்டைப் புடைத்து எடுத்துவிட்டுக் குருணையாக உடைக்க வேண்டும். பொடி மாவைக் கரைத்து ராத்திரி புளிக்க வைத்து, மறுநாள் குருணையோடு சேர்த்துக் காய்ச்சிக் களிபோல இறக்கினால், அதை உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்து இரண்டு நாள் கரைத்துக் குடிக்கலாம். மோர் விட்டுக் கரைத்த கூழுக்குச் சின்ன வெங்காயம் போதும் என்பது ஒரு கட்சி. மோர் மிளகாய் கட்டாயம் வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் சீனியவரைக்காய் வற்றல் கட்சி. தாளிப்பே கூடாத வாரத்தில் வற்றலை எண்ணெயில் போடலாமா என்று கேட்டால், பாட்டி அதைத் தணலில் சுட்டுக் கொடுப்பார். கரியும் உப்பும் கலந்த அந்தச் சுவைக்கு ஈடாக எண்ணெயில் பொரித்த வற்றலைச் சொல்ல மாட்டேன்.

மாவிளக்கைப் பற்றி விரிவாகத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கடையில் பாக்கெட் அரிசி மாவு வாங்கிப் பொடித்த வெல்லத்தோடு பிசைந்து முடித்துவிடுகிறார்கள். அதில் விளக்கு எரியும், ஆனால் தின்ன முடியாது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். எவ்வளவு நேரம் என்றால் அதைக் கைதான் சொல்ல வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், கையை விரித்தால் ஈரம் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் உரலில் போட்டு இடித்துச் சலிக்க வேண்டும். மண்டை வெல்லத்தைத் தட்டி, அரிசியின் எடையில் பாதிக்குச் சற்று மேலே எடுத்து, ஏலக்காயும் சுக்கும் பொடித்துப் போட்டு, மாவோடு சேர்த்து மறுபடியும் உரலில் இடிக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது. அரிசியின் ஈரமும் வெல்லத்தின் இளக்கமும் சேர்ந்து மாவைத் தானாகப் பிடிக்கும். உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, நெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு ஏற்றினால், திரி எரிய எரிய நெய் மாவுக்குள் இறங்கும். குழியைச் சுற்றி மாவு பொன்னிறமாக வெந்து, ஓரத்தில் கொஞ்சம் கருகியும் இருக்கும். அந்தக் குழிப் பகுதிக்குத்தான் பிள்ளைகளுக்குள் போட்டி. பெரியம்மா யாருக்கும் அதைத் தனியாகத் தரமாட்டார். விளக்கை மலையேற்றியதும் மொத்தத்தையும் உதிர்த்துப் பிசைந்து, வெந்ததும் வேகாததும் எல்லோருக்கும் ஒரே அளவாகப் போகும்படி உருட்டித்தான் கொடுப்பார். அதில் எனக்கு அப்போது வருத்தம் உண்டு. பின்னாளில் ஊரின் கதையைப் படித்தபோது, பெரியம்மாவின் கைக்குப் பின்னால் ஊரின் கையே இருப்பதாகப் பட்டது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

பொங்கலன்று கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க இடமிருக்காது. மூன்று செங்கல், கொஞ்சம் விறகு, ஒரு பானை. அடுப்புக்கு அடுப்பு முழங்கை இடிக்கும். தீப்பெட்டி ஒருவரிடம் இருக்கும், ஓலை இன்னொருவரிடம், நெய்யை மறந்து வந்தவர் ஒருவர். முன்பின் தெரியாத பெண்கள் அரை மணி நேரத்தில் ஒரு குடும்பம்போல வேலை செய்துகொண்டிருப்பார்கள். பால் பொங்கி வழியும்போது எந்தப் பானை பொங்கினாலும் சுற்றியிருக்கிற எல்லோரும் குலவை போடுவார்கள். தெருவின் ஒரு முனையில் தொடங்கிய குலவை அடங்குவதற்குள் மறுமுனையில் இன்னொரு பானை பொங்கிவிடும். புகையில் கண் எரிய, வியர்வை வழிய, தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆண்களுக்கு அன்று ஒரே வேலைதான்: விறகு ஒடித்துத் தருவது, தண்ணீர் எடுத்துத் தருவது. சமையலில் கை வைக்க வந்தால், "நீங்க தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்று பக்கத்து அடுப்பு மதினி விரட்டிவிடுவார்.

மறுநாள் அக்கினிச்சட்டி. இந்த ஒரு நாளைப் பார்க்காமல் எங்கள் ஊரைப் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. நேர்ந்துகொண்ட ஆணும் பெண்ணும் எரிகிற சட்டியை, அடியில் வேப்பிலைக் கொத்தை மட்டும் வைத்து, இரு கையிலும் ஏந்தி வருவார்கள். பிள்ளை வரம் கேட்டவர்கள், பிள்ளைக்கு உடம்பு தேறியதற்காக நேர்ந்தவர்கள், தொழில் நொடித்து எழுந்தவர்கள். கணக்கற்ற சட்டிகள். மேலே வெயில், கையில் நெருப்பு, காலுக்குக் கீழே கொதிக்கிற ரோடு.

அந்த ரோட்டைத்தான் ஊர் பார்த்துக்கொள்கிறது. விடியுமுன்பே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம் எல்லாம் நிறைத்து வைத்திருப்பார்கள். பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைச் சட்டி எடுத்து வருபவர்களின் காலில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைக்காரர்கள் குழாய் மாட்டித் தங்கள் கடை முன்னால் உள்ள ரோட்டை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஒரு குடம் தண்ணீருக்காகத் தெருக் குழாயில் சண்டை போட்டு, பேச்சுவார்த்தை முறித்துக்கொண்ட வீடுகள் எனக்குத் தெரியும். அதே வீட்டுக்காரர்கள்தான் அன்று சேர்த்து வைத்த தண்ணீரையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் பாதத்தில் ஊற்றுகிறார்கள். பாதத்தில் ஊற்றிய தண்ணீர் தரையில் ஓடி, அடுத்தவரின் பாதம் நனைவதற்குள் ஆவியாகிவிடும். மறுபடி ஊற்ற வேண்டும். இதைச் செய்கிறவர்கள் புண்ணியக் கணக்கு எழுதிக்கொண்டு செய்வதில்லை. கால் சுடுமே என்று செய்கிறார்கள்.

காலுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்குப் பானக்காரம். தெருவுக்குத் தெரு பந்தல் இருக்கும். மண்டிக்காரர்கள் போட்டது, லாரி செட்காரர்கள் போட்டது, மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பிடித்துப் போட்டது. எனக்கு எப்போதும் பிடித்தது அந்தக் கடைசிப் பந்தல்தான். அவர்கள் ஊற்றுகிற பானக்காரத்தில் கருப்பட்டி கருப்பட்டியாகவே இருக்கும். சில பந்தல்களில் வெல்லம் போட்டு எலுமிச்சை பிழிகிறார்கள். அதுவும் குடிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பானம். எங்கள் பக்கத்துப் பானக்காரத்துக்குப் புளியும் கருப்பட்டியும்தான். பத்து லிட்டருக்குக் கால் கிலோ பழைய புளி, ஒன்றரைக் கிலோ கருப்பட்டி, ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் இடித்த சுக்கு, ஏலக்காய் கொஞ்சம், கடைசியில் இரண்டு சிட்டிகை உப்பு. கருப்பட்டியில் மண் இருக்கும். தண்ணீரில் கரைத்துத் துணியில் இரண்டுமுறை வடிகட்டி, அடியில் தங்கியதை அப்படியே விட்டுவிட வேண்டும். மண்பானையில் ஊற்றி, ஈரச் சாக்கைச் சுற்றி, மூன்று மணி நேரம் நிழலில் வைத்தால் ஐஸ் தேவையில்லை. ஐஸ் போட்ட பானக்காரத்தில் சுக்கின் காரம் மங்கிப்போகும். வெயிலில் நெருப்பேந்தி நடந்தவருக்கு ஐஸ் தண்ணீர் ஆகாது என்பதும் பந்தலில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

கருப்பட்டி எங்கள் ஊருக்கு வெறும் இனிப்பு இல்லை, ஊரின் வரலாறே அதில் இருக்கிறது. தெற்கே பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் உப்பும் மாட்டு வண்டிகளிலும் பொதிமாடுகளிலும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்கள், வழிப்பறிக்குப் பயந்து இரவில் தங்கக் கட்டிக்கொண்ட பாதுகாப்பான இடங்கள் பேட்டைகள். பழைய ராமநாதபுரம் சீமையில் அவர்கள் நிலைகொண்ட ஆறு ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி மற்றவை. அன்றைக்கு ஊரின் பெயர் விருதுபட்டி. பேட்டையில் தங்கும் ஒவ்வொருவரும் தன் சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகை கொடுக்கவேண்டும். அது மகமை. காவலுக்கும் கிணற்றுக்கும் தொடங்கிய மகமை, பிறகு கோயிலுக்கும் பள்ளிக்கும் போனது.

1889இல் இங்கே சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியதில் மகமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு பிடி அரிசிக்கும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்க அரிசி களையும்போது, பெண்கள் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். கலயம் நிறைந்ததும் ஆள் வந்து வாங்கிப்போவார். அதை விற்ற காசு பள்ளிக்குப் போகும். வசதியுள்ளவர் வீட்டிலும் ஒரு பிடி, கூலிக்குப் போகிறவர் வீட்டிலும் ஒரு பிடி. ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் பசி தெரியாது, ஆனால் ஊர் முழுவதும் சேரும்போது அது வாத்தியார் சம்பளமாகும். இந்த ஏற்பாட்டை யோசித்தவரின் பெயர் எதுவாக இருந்தாலும், அதை நாள் தவறாமல் நடத்திக் காட்டியவர்கள் அடுப்படியில் நின்ற பெண்கள். பள்ளிக்கூடக் கல்வெட்டுகளில் நன்கொடையாளர் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம், அந்தப் பெண்களின் பெயர்களையும் எழுத ஒரு சுவர் வேண்டும் என்று தோன்றும்.

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர். அவரைப் பற்றி ஊரில் சொல்லும் கதை ஒன்று பலருக்குத் தெரிந்திருக்கும். விநாயகர் சதுர்த்திக்குப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவு காசு வாங்கினார்கள். பிரசாதம் கொடுக்கும்போது பிள்ளைகள் முண்டியடித்து வாங்க, சிறுவன் காமராஜ் ஒதுங்கி நின்று கடைசியாகப் போய்க் கொஞ்சமாக வாங்கிவந்தார். வீட்டில் பாட்டி, "எல்லாரும் நிறைய வாங்கிட்டு வந்திருக்காங்க, நீ ஏன் இவ்வளவுதான் கொண்டுவந்தே?" என்று கேட்க, "எல்லார்கிட்டயும் ஒரே காசுதானே வாங்குனாங்க? எல்லாருக்கும் சமமாக் கொடுக்க வேண்டியது வாத்தியாரோட பொறுப்பு" என்றாராம். முண்டியடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பங்கு குறையக்கூடாது என்பதுதான் அந்தப் பதில். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவு தொடங்கியது. அரசுப் பணத்தோடு ஊர்க்காரர்களின் பங்களிப்பும் சேர்ந்துதான் அந்த உலை கொதித்தது. பிடி அரிசியைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அது புதிதாகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். அதே 1956இல்தான், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு சங்கரலிங்கனார் இதே ஊரில் தேசபந்து மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்து 76 நாளில் உயிரை விட்டார். பொங்கல் நாட்களில் அந்த மைதானத்தைக் கடக்கும்போது கையில் பிரசாதம் இருந்தால், ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

பங்கு என்று பேசும்போது, பங்கு மறுக்கப்பட்டவர்களையும் பேசியாக வேண்டும். நாடார் வணிகர்கள் கோயில் நுழைவு மறுக்கப்பட்டவர்கள். கமுதிக் கோயில் வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அவர்களுக்கு எதிராகத்தான் முடிந்தது. 1899இல் கோயில் நுழைவுத் தகராறு கலவரமாகிச் சிவகாசி எரிந்தது. கோயில் வாசல் மறுக்கப்பட்ட அந்த நெடுங்கால அவமானத்திலிருந்துதான் சொந்தக் கோயிலும் சொந்தப் பள்ளியும் சொந்த நிதியும் எழுந்தன. ஆனால் அவமானம் பட்டவர் எல்லோரும் அடுத்தவரை அவமதிக்காமல் இருந்துவிடவில்லை. பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில், எங்கள் தெருப் பந்தலில் சிலருக்குக் குவளை கிடையாதாம். தகரக் குழாய் வழியாக ஊற்ற, அந்தப் பக்கம் கை குவித்துக் குடிப்பார்களாம். இதைச் சொல்லும்போது பாட்டி குரலைத் தாழ்த்திக்கொள்வார். "அவுக கையில ஒழுகுனது பாதி, தாயி" என்பார். அக்கினிச்சட்டி ஏந்திய பாதம் எல்லோருக்கும் ஒரேமாதிரிதான் சுடும் என்று தெரிந்த ஊர், குவளையில் மட்டும் வித்தியாசம் பார்த்திருக்கிறது. இன்று எங்கள் பந்தலில் அது இல்லை. ஆனால் எல்லாத் தெருவிலும், பெரிய அண்டாவைக் கிளறும் கரண்டி வரைக்கும் அந்த வித்தியாசம் போய்விட்டதா என்று கேட்டால் போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் சாப்பிடலாம் என்பது ஒரு படி. எல்லோரும் சமைக்கலாம் என்பது அதற்கு மேல் இன்னொரு படி. அங்கே போய்ச் சேர வேண்டும்.

பொருட்காட்சியைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். பொங்கலை ஒட்டி ராட்டினமும் மரணக் கிணறும் வந்துவிடும். தட்டு அளவு டெல்லி அப்பளம், மேலே மிளகாய்ப் பொடி, பஞ்சு மிட்டாய், மிளகாய் பஜ்ஜி, ஜிகர்தண்டா. விரதம் முடிந்த ராத்திரிகளில் எண்ணெயில் மிதந்து மொறுமொறுவென்று வரும் எங்கள் ஊர்ப் பரோட்டாவும், அதன் மேல் தண்ணியாக ஊற்றும் சால்னாவும். பரோட்டாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

எனக்கு மனசு உறுத்துவது வேறு விஷயம். சில வருடங்களாகப் பந்தல்களின் முகம் மாறிவருகிறது. பந்தலைவிடப் பெரிதாக பிளெக்ஸ் நிற்கிறது. அதில் அம்மன் ஒரு மூலையில் சின்னதாக, ஊற்றுபவரின் படம் நடுவில் பெரிதாக. சமையல் வெளியூர் கேட்டரிங்காரர்களிடம் போய்விட்டது. வண்டியில் பொட்டலமாக வந்து இறங்குகிறது சாம்பார் சாதம். கொடுக்கும்போது படம் எடுக்கிறார்கள். வாங்குபவர் ஒரு நொடி கேமராவைப் பார்த்து நிற்கவேண்டியிருக்கிறது. சாயங்காலம் சாக்கடை முழுக்கப் பிளாஸ்டிக் தம்ளர். கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. பசித்தவருக்குப் பொட்டலம் பொட்டலம்தான், அது வயிற்றை நிறைக்கும். ஆனால் பிடி அரிசியில் யார் கொடுத்தது என்பது கலயத்துக்குள் விழுந்தவுடன் மறைந்துபோகும். வாங்கியவர் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை, ஏனென்றால் அவர் வீட்டுக் கலயத்திலிருந்தும் ஒரு பிடி போயிருக்கிறது. ஒருவரே ஆயிரம் பேருக்குப் போடும் சோற்றில் அந்தச் சமம் இல்லை. ஆயிரம் பேர் சேர்ந்து ஆயிரம் பேருக்குப் போடுவதற்கும், ஒருவர் ஆயிரம் பேருக்குப் போடுவதற்கும் அரிசிக் கணக்கு ஒன்றாக இருக்கலாம். உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் முதுகு நிமிர்ந்திருப்பதிலும் குனிந்திருப்பதிலும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எங்கள் தெருவில் பெரியம்மாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து கலயத்தை மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். மண் கலயம் எல்லா வீட்டிலும் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், பெயின்ட் டப்பா, எது இருக்கிறதோ அது. கார்த்திகையில் தொடங்கி பங்குனி வரை நாளுக்கு ஒரு பிடி. வாடகைக்கு வந்திருக்கும் வடநாட்டுக் குடும்பத்துப் பெண், தாங்கள் சோறு அதிகம் சாப்பிடுவதில்லை, கோதுமை மாவு போடலாமா என்று சைகையும் தமிழுமாகக் கேட்டார். தாராளமாகப் போடலாம் என்றார் பெரியம்மா. அந்த மாவு, பொங்கல் வேலைக்கு வந்த இளந்தாரிகளுக்கு ராத்திரிச் சப்பாத்தியானது. அரிசியில் பாதியைப் பொங்கல் முடிந்த மறுவாரம், விரதம் கலைந்து வீடுகளில் கறிக்குழம்பு கொதிக்கிற ஞாயிற்றுக்கிழமை, தெருவில் தனியாக இருக்கிற வயதானவர்களுக்குச் சோறும் குழம்புமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மீதியை விற்றுப் பானக்காரத்துக்குக் கருப்பட்டியும், பள்ளி திறக்கும்போது தெருப் பிள்ளைகளுக்கு நோட்டும் வாங்குகிறார்கள். வரவு செலவு ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். எந்த வீட்டில் எவ்வளவு என்று அதில் எழுதுவதில்லை, மொத்தம் மட்டும்தான்.

இந்த வருடம் பந்தலில் பிளாஸ்டிக் தம்ளர் கிடையாது என்று முடிவாகியிருக்கிறது. எவர்சில்வர் தம்ளர்தான். அதைக் கழுவிக் கவிழ்க்க ஆள் வேண்டும், நிற்காமல் வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிற தம்பி தங்கைகள், பேரன் பேத்திகள், வெளியூர் நண்பர்கள் யாராக இருந்தாலும், அக்கினிச்சட்டிக்கு முந்தின ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுங்கள். கருப்பட்டி தட்டுவது, புளி கரைப்பது, சாக்கு நனைப்பது என்று வேலை நிறைய இருக்கிறது. துணியில் வடிகட்டுவதற்கு மட்டும் எப்போதும் நான்கு கை குறைகிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டோம். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் போதும்.